இருபத்து நாலு பேரில் ஒருத்தி

சிட்னியில் வரதராஜாவிடம் பொன்னாடை வாங்காத தமிழர் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும். பழைய மாணவர் சங்கத்தின் செயலாளராகப் பதினாறு வருடம் இருந்த மனிதர். நாதஸ்வர வித்துவான், ஒலிபெருக்கிக்காரர், ஊரிலிருந்து வந்த பேராசிரியர் என்று ஒருவரையும் அவர் சும்மா போகவிட்டதில்லை. ஒருமுறை மண்டபத்தின் நெருப்பு அபாய மணியைச் சோதிக்க வந்த வெள்ளைக்காரரும் தோளில் சரிகைச் சால்வையோடுதான் திரும்பிப் போனார். பென்டில் ஹில் வீட்டு அலுமாரியில் மேல்தட்டு முழுவதும் பிரிக்காத பொன்னாடைகள் அடுக்கியிருக்கும். யார் எப்போது அகப்படுவார் என்று சொல்ல முடியாதல்லவா.

அப்படிப்பட்டவரின் மனைவி யோகா, தன் ஐம்பத்து நாலாவது வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இடியப்பம் அவிந்துகொண்டிருந்தபோது, தான் மேடையில் ஆடப்போவதாகச் சொன்னாள்.

வரதராஜா கையிலிருந்த ஐபாடை மேசையில் வைத்தார்.

"மெய்யாவோ? தனியவோ ஆடுறீர்?"

"இல்லை. இருபத்து நாலு பேர்."

"நீர் முன்னுக்கோ, பின்னுக்கோ?"

"நடுவில எங்கையாவது."

அவருடைய முகம் கறுத்தது. நடுவில் எங்கேயாவது என்ற இடத்தில் அவர் குடும்பத்தில் இதுவரை ஒருவரும் நின்றதில்லை.

யோகா வெஸ்ட்மீட்டில் இரத்தப் பரிசோதனைக் கூடமொன்றில் வேலை செய்கிறாள். மூன்று வருடத்துக்கு முன் முழங்கால் பிடித்துக்கொண்டதில், ஏதாவது உடற்பயிற்சி செய்யச் சொல்லி டொக்டர் சொன்னார். வேலை முடிந்து பரமட்டாவில் பஸ் மாறும்போது ஒரு தேவாலய மண்டபத்துக்குள்ளிருந்து டக்கு டக்கென்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். அடியில் தகடு வைத்த சப்பாத்து போட்ட பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக நின்று தரையைத் தட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் அவள் வயதுதான், அவள் பருமன்தான். அடுத்த செவ்வாய்க்கிழமை அவளும் ஒரு சோடிச் சப்பாத்தோடு போய் நின்றாள். எழும்பி நிற்கவே நோகிற முழங்காலோடு துள்ளப் போகிறாளாம் என்று வீட்டில் பகிடி நடந்தது. அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

அந்த வகுப்பை நடத்தியவர் கிளெண்டா. பள்ளிக்கூடத்தில் நாடகம் படிப்பித்து ஓய்வுபெற்ற, எழுபது தாண்டிய அவுஸ்திரேலியப் பெண்மணி. அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. அது தொண்ணூறு வருடத்துக்கு மேல் பழைய ஒரு ஹொலிவூட் படம். அதில் கதை என்று ஒன்றும் கிடையாது. ஸ்டூடியோவில் இருந்த நட்சத்திரங்களையெல்லாம் ஒவ்வொருவராக மேடையேற்றி, ஒருவர் பாட, ஒருவர் பகிடி விட, ஒருவர் நாயோடு வித்தை காட்ட, பதினொரு நிகழ்ச்சிகளாகக் கோத்துவிட்ட படம். நடுநடுவே கோட்டுப் போட்ட அறிவிப்பாளர் ஒருவர் வந்து அடுத்தவரை அறிமுகம் செய்வார். முதல் தரம் பார்த்தபோது யோகாவுக்கு எங்கள் சனங்களின் கலைவிழா மாதிரித்தான் இருந்தது. தலைமையுரை ஒன்றுதான் குறை.

கடைசி நிகழ்ச்சி வேறு மாதிரி. வெள்ளி நிறப் படிக்கட்டு ஒன்றில் இருபத்து நாலு பெண்கள். தலையில் வெள்ளித் தொப்பி, கண்ணைச் சுற்றி வெள்ளி முகமூடி. இருபத்து நாலு வலக்காலும் ஒன்றாக எழும்பி ஒன்றாக விழும். எது யாருடைய கால் என்று கடவுளுக்கும் தெரியாது.

இந்தப் படத்தை ஆக்கியவர்களைப் பற்றி கிளெண்டாவிடம் ஒரு தடித்த கோப்பு இருந்தது. பாட்டுகளைப் போட்டவருக்கு இசை எழுதத் தெரியாது. அவர் சீட்டியடிக்க இன்னொருவர் எழுதினார். ஆட்டம் பழக்கியவர் முன்பு இராணுவத்தில் அணிநடை பழக்கியவர். பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் எண் சொல்லித்தான் கூப்பிடுவார். படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஒருத்தியைக் குறித்து, அவள் யார் என்று கேட்டால் தன் வேலை பிழையாகிப் போயிற்று என்பது அவர் கணக்கு. விளக்குகளின் சூட்டில் பெண்களின் கண்ணிலிருந்து நீர் ஓடியதால் முகமூடி போடலாம் என்று யோசனை சொன்னவர் உடுப்புத் தைக்கும் பகுதியின் தலைவி. படத்தின் தொடக்கத்தில் இவர்கள் எல்லாருடைய பெயரும் வருகிறது. நாயின் பெயரும் வருகிறது. படிக்கட்டில் ஆடிய இருபத்து நாலு பேரில் ஒருத்தியின் பெயரும் வரவில்லை.

கிளெண்டா பதினொரு வருடம் கடிதம் எழுதி, பழைய வருகைப் பதிவேடுகளைத் தேடி, இருபத்து மூன்று பெயர்களைக் கண்டுபிடித்துவிட்டார். பதினேழாம் எண் மட்டும் அகப்படவில்லை. படப்பிடிப்பு நாளில் உண்மையான பதினேழாம் எண் சூட்டில் மயங்கி விழ, அங்கே ஊசி நூலோடு நின்ற தையல்காரப் பெண்ணைப் பிடித்து உடுப்பை மாட்டி நிறுத்தினார்கள் என்பது மட்டும் தெரியும். அந்தப் படத்தை அப்படியே மேடையில் போடுவதென்று கிளெண்டா முடிவு செய்தபோது, ஒவ்வொருவருக்கும் ஒரு எண்ணும் ஒரு பெயரும் கொடுத்தார். பெயரில்லாத பதினேழு யோகாவுக்கு வந்தது. மற்றவர்கள் ஐயோ பாவம் என்றார்கள். யோகாவுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

ஏன் சந்தோஷம் என்றால், கலியாணமாகி முப்பத்தொரு வருடமாக அவள் முன்வரிசையில் இருந்து களைத்துப் போயிருந்தாள். எந்த விழாவுக்குப் போனாலும் வரதராஜாவின் மிசிஸ் என்று கூட்டிக்கொண்டு போய் முதல் கதிரையில் இருத்துவார்கள். குத்துவிளக்கில் ஒரு திரியைக் கொளுத்தக் கூப்பிடுவார்கள். என்ன சீலை, என்ன சங்கிலி என்று நூறு கண்கள் பார்க்கும். வேலைத்தலத்திலோ ஒவ்வொரு முடிவின் கீழும் அவள் கையெழுத்து. பிழை வந்தால் அவளைத்தான் தேடி வருவார்கள். அந்தப் படிக்கட்டில் ஏறி முகமூடியைப் போட்டுக்கொண்டால் ஆறு நிமிடம் அவளை ஒருவரும் தேட மாட்டார்கள். வலப்பக்கத்தில் ஒரு மூச்சு, இடப்பக்கத்தில் ஒரு மூச்சு, நடுவில் அவள் மூச்சு. அவள் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியான ஆறு நிமிடம் வேறு கிடையாது.

இதையெல்லாம் வரதராஜாவுக்கு யார் சொல்வது? அவர் தன் பாட்டில் நிகழ்ச்சிக்கு நாற்பத்தாறு ரிக்கெற் எடுத்துவிட்டார். சங்கத்தில் ஒருவர் மிச்சமில்லை. ஹொலிவூட் நிகழ்ச்சி, யோகாதான் முக்கிய ஆள் என்று பென்டில் ஹில் மரக்கறிக் கடை வரைக்கும் செய்தி போய்விட்டது.

நிகழ்ச்சிக்கு நாலு நாள் இருக்கும்போது யோகா பிரிண்டரில் ஒரு தாளைக் கண்டாள். சுற்றிவர மாவிலையும் பூவும் போட்ட வாழ்த்துமடல். 'அவுஸ்திரேலிய மண்ணில் ஆடல் கண்ட ஆரணங்கே' என்று தொடங்கி, 'நர்த்தனத் தாரகை' என்ற பட்டத்தோடு முடிந்தது. நடுவில் தடித்த எழுத்தில் அவளுடைய பெயர். அவள் தாளை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள்.

"இஞ்சேருங்கோ, இது என்ன?"

"கண்டிட்டீரோ?" வரதராஜாவுக்கு வாயெல்லாம் பல். "சங்கத்தின்ரை சார்பில உமக்கு ஒரு கௌரவிப்பு. பொன்னாடை, பூச்செண்டு, இது."

"எப்ப குடுக்கப் போறியள்?"

"ஆடி முடியேக்கை. எல்லாரும் மேடையில நிப்பீங்கள்தானே."

"அப்பிடிச் செய்யேலாது. கடைசியில திரை மூடுமட்டும் ஒருத்தரும் அசையக்கூடாது."

"நீர் அசையாமல் நில்லும். போர்த்துறது நாங்கள்தானே."

யோகா கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் இருந்தாள்.

"வடிவாக் கேளுங்கோ. இந்த ஆட்டத்தில ஒருத்தரும் தனியத் தெரியக்கூடாது. அதுதான் ஆட்டம். நான் மூண்டு வரியமா அதுக்காகத்தான் போறன். தயவு செய்து கெடுத்துப் போடாதேங்கோ."

"தனியத் தெரியாமல் நிக்கிறதுக்கு என்னத்துக்கு மேடையில ஏறுவான்?" என்று கேட்டார் வரதராஜா. அவர் குத்தலாகக் கேட்கவில்லை. மெய்யாகவே விளங்காமல்தான் கேட்டார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, சரி. நான் மேடையில கால் வைக்கமாட்டன். போதுமோ?" என்றார்.

போதும் என்று யோகா நம்பினாள்.

சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு நிகழ்ச்சி. ஜீன்ஸும் தொப்பியுமாக வந்திருந்த கூட்டத்தின் நடுவே மூன்று வரிசை மட்டும் காஞ்சிபுரமும் வேட்டியுமாகக் கலியாண வீடு போல இருந்தது. ஒவ்வொரு நிகழ்ச்சி முடியவும் அந்த மூன்று வரிசையும், இது யோகாவோ, இது யோகாவோ என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டது. நாய் வித்தைக்கு வந்த நாயைப் பார்த்து மட்டும் ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை.

பதினோராவது நிகழ்ச்சிக்குத் திரை விலகியது. ஆறு படி, படிக்கு நாலு பேர். யோகா மூன்றாம் படியில் நின்றாள். இசை தொடங்கியதும் மற்ற எல்லாம் மறந்துபோயிற்று. கால்கள் தம்பாட்டில் போயின. ஒரு பிழை இல்லை. மூன்று வருடத்தில் ஒருநாளும் இவ்வளவு ஒன்றாக அவர்கள் ஆடியதில்லை. கடைசித் தட்டோடு இசை நின்றது. இருபத்து நாலு பேரும் வலக்கையை உயர்த்தி, சிரித்த முகத்தோடு சிலையாக நின்றார்கள். இனி இருபது எண்ண வேண்டும், திரை மூடும்.

எட்டு எண்ணும்போது மேடையின் பக்கப் படியில் ஒரு தலை தெரிந்தது. கொண்டையில் மல்லிகைப்பூ. அடுத்து கத்தரிப்பூ நிறக் காஞ்சிபுரம். சங்கத் தலைவர் கல்யாணசுந்தரத்தின் மனைவி கனகேஸ்வரி, கையில் விரித்த பொன்னாடையோடு ஏறி வந்துகொண்டிருந்தார்.

வரதராஜா வாக்குத் தவறவில்லை. அவர் மேடையில் கால் வைக்கவில்லை. பெண்ணுக்குப் பெண்தான் பொன்னாடை போர்த்துவது என்பது சங்கத்தில் எழுதாத சட்டம். அவர் கால் வைப்பதாக முதலில் இருந்தே திட்டம் இல்லை.

திரைக் கயிற்றைப் பிடித்திருந்தவர் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதிதானோ என்று கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றுவிட்டார். திரை மூடவில்லை. இருபது எண்ணி முடிந்தது. ஒருவரும் கையைக் கீழே விடவில்லை.

கனகேஸ்வரி முதற்படியின் முன்னால் வந்து நின்று மேலே பார்த்தார். இருபத்து நாலு தொப்பி, இருபத்து நாலு முகமூடி, இருபத்து நாலு சிவந்த சிரிப்பு. அவருடைய முகத்தில் இருந்த விழாக் களை மெல்ல மெல்ல வடிந்தது. ஆனால் இத்தனை சனத்துக்கு முன்னால் ஏறிவிட்டு வெறுங்கையோடு இறங்க முடியுமா? சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தபடி படியில் ஏறத் தொடங்கினார்.

"யோகா... பிள்ளை யோகா... எங்கையடி நிக்கிறாய்?"

உதட்டை அசைக்காமல் பேசுவதாக அவருக்கு நினைப்பு. மூன்று வரிசைக்குக் கேட்டிருக்கும். முதற்படி இல்லை. இரண்டாம் படி இல்லை. மூன்றாம் படிக்கு வந்தார். யோகாவுக்கு அவர் மூச்சிரைப்பது கேட்டது. முப்பது வருடப் பழக்கம். யோகா பிள்ளை பெற்றபோது பத்தியத்துக்குச் சரக்குத் தூள் இடித்துக் கொடுத்த மனுஷி. ஒரு சின்னத் தலையசைப்புப் போதும், அந்த மனுஷியின் மானம் தப்பும். ஒரு விரலை ஆட்டினாலும் போதும்.

கனகேஸ்வரி அவளுக்கு நேர் முன்னால் நின்றார். முகமூடியின் ஓட்டைகளுக்குள் உற்றுப் பார்த்தார். யோகா, பழக்கியபடி, அவருடைய கொண்டைக்கு மேலால் தூரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அவர் மேல் பாவமாக இருந்தது. அதற்காக அசையவில்லை. மூன்று வருடத்தை ஒரு தலையசைப்பில் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

கனகேஸ்வரி அவளைக் கடந்தார். பக்கத்தில் நின்றது மரிட்டெஸ் என்ற பிலிப்பைன்ஸ் பெண். வயோதிபர் இல்லமொன்றில் வேலை செய்பவள். தன்னை நோக்கிச் சால்வை வருவதைக் கண்டதும் அவளை அறியாமல் தலை கொஞ்சம் குனிந்துவிட்டது. சால்வைக்குத் தலை குனிகிற ஆள் வேறு யாராக இருக்க முடியும்? கனகேஸ்வரி பெருமூச்சோடு பொன்னாடையை அவள் தோளில் போர்த்தி, இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். "நல்லா ஆடினனீ பிள்ளை" என்றார்.

மூன்று வரிசையும் எழும்பியது. அவர்கள் எழும்ப மண்டபமே எழும்பியது. கைதட்டலில் கூரை அதிர்ந்தது. முன்னுக்கு நின்ற வரதராஜா ஒரு கையில் போனை உயர்த்தி வீடியோ எடுத்துக்கொண்டு, மற்றக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவருடைய பார்வை முழுவதும் மரிட்டெஸ்மேல் இருந்தது. யோகாவுக்கு முதலில் சிரிப்புத்தான் முட்டிக்கொண்டு வந்தது. பிறகு அது நின்றுவிட்டது. பரமட்டா ஸ்டேஷன் நெரிசலில் அவர் தும்மினால் அது அவர்தான் என்று அவள் திரும்பிப் பார்க்காமலே சொல்லுவாள். ஒருவரும் தன்னைக் கண்டுபிடிக்கக் கூடாது என்று கேட்டவள் அவள்தான். கேட்டது கிடைத்தும் நெஞ்சு நொந்தது.

ஒருவழியாகத் திரை மூடியது.

"யாருடைய ஆள் அது?" என்று கேட்டார் கிளெண்டா. அவர் சத்தம் போடவில்லை. யோகா கையை உயர்த்தினாள்.

"நீ அசைந்தாயா?"

"இல்லை."

"அப்படியென்றால் நாளைக்கும் உன் படியில் நில்" என்று சொல்லிவிட்டு கிளெண்டா போய்விட்டார்.

மரிட்டெஸ் கண்ணாடிக்கு முன்னால் பொன்னாடையோடு நின்றாள். இது என்ன என்று கேட்டாள். நன்றாகச் செய்தவர்களுக்கு எங்கள் ஆட்கள் இப்படிப் போர்த்துவார்கள் என்றாள் யோகா. தான் ஆடுவதைப் பார்க்க இதுவரை ஒருவரும் வந்ததில்லை என்று மரிட்டெஸ் சொன்னாள். சரிகைக் கரையைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னாள். திருப்பிக் கேட்க வந்த யோகா, அது உனக்கு வடிவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு முகத்தைக் கழுவப் போனாள்.

வெளியே நாற்பத்தாறு பேரும் காத்து நின்றார்கள். வரதராஜா தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தார்.

"அத்தினை பேருக்கையும் நான் உம்மை உடனையே கண்டிட்டன்," என்றார், எல்லாருக்கும் கேட்க. "உம்மடை கால் எனக்குத் தெரியாதே?"

யோகா காரை நோக்கி நடந்தாள். காரில் ஏறி, வென்ட்வேர்த்வில் சிக்னலில் நின்றபோது அவர் கேட்டார்.

"பொன்னாடை எங்கை? பையுக்கை வைச்சனீரோ?"

"அது மரிட்டெஸ்ஸிட்டை இருக்கு."

"ஆர் அது?"

"நீங்கள் எழும்பி நிண்டு அழுதியள் எல்லோ. அந்த ஆள்."

சிக்னல் பச்சையானது. பின்னால் நின்றவர் ஹோர்ன் அடித்தார். வரதராஜா காரை எடுத்தார். வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுத்தான் கேட்டார்.

"அப்ப நீர் எங்கை நிண்டனீர்?"

"அங்கைதான் நிண்டனான்," என்றாள் யோகா. கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். அவளுக்குக் கோபம் இருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

அன்று பொழுதுபடும்வரை வரதராஜா வீடியோவைப் போட்டுப் போட்டுப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. கனகேஸ்வரி போனில் கூப்பிட்டபோதும் எடுக்கவில்லை. யோகா கேட்காமல் அவரே குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டு அவளுக்கு முன்னால் வைத்தார். சீனி கூடிவிட்டது. அவள் குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் திரை விலகியபோது யோகா மூன்றாம் படியில் நின்றபடி அவரைக் கண்டாள். வேட்டி இல்லை, கூட்டம் இல்லை. சாதாரண சேர்ட்டோடு ஐந்தாம் வரிசையில் தனியே இருந்தார். போனும் கையில் இல்லை. மற்றவர்களெல்லாம் முழுப் படிக்கட்டையும் பார்க்க, அவருடைய தலை மட்டும் இடமிருந்து வலமாக ஒவ்வொரு முகமாக நகர்ந்தது. ஒரு படி முடிய அடுத்த படி. அவள்மேல் ஒருமுறை நின்றது. கடந்து போனது. பிறகு திரும்பவும் கீழ்ப்படியிலிருந்து தொடங்கியது. யோகா சிரித்த முகத்தோடு காலைத் தட்டினாள். ஆறு நிமிடமும் அந்தத் தலை ஓயவில்லை. இன்றைக்குத் திரை நேரத்துக்கு மூடியது.

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது அவர் ரிக்கெற் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றார்.

"ரெண்டாம் படியில கரையில நிண்டது நீர்தானே?"

"இல்லை."

"அப்ப மேல்படியோ?"

"இல்லை."

வரதராஜா நிலத்தைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியேல்லை, யோகா," என்றார். "முப்பத்தொரு வரியம். எனக்குத் தெரியேல்லை. எதெண்டு நீரே சொல்லும்."

அவர் இப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. நேற்றிலிருந்து இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது.

"சொல்லமாட்டன்," என்றாள். "அடுத்த சனிக்கிழமையும் ஆட்டம் இருக்கு. வந்து பாருங்கோ."

வரதராஜா அங்கேயே திரும்பி, ஜன்னலில் இருந்த பெண்ணிடம் சனிக்கிழமைக்கு ஒரே ஒரு ரிக்கெற் கேட்டார்.